பெட்ரோல் குடிக்கும் அம்பாசிடரை வாங்கிப் பேணும் முறை

பெட்ரோல் அம்பாசிடர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கு ஒளிவுமறைவின்றி விடை சொல்லிவிடுவது நல்லது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் வெளியூர்ச் சாலையில் 10 கிலோமீட்டரும் ஊருக்குள் 8 கிலோமீட்டரும் கிடைக்கும். கவனிப்பாரின்றிக் கிடந்த வண்டியாக இருந்தால் 6-க்கும் இறங்கிவிடும். 8-க்கும் 10-க்கும் இடையே நிற்பது அந்த இன்ஜினின் பிறவித் தாகம். அதை யாராலும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டியதில்லை. 8-இலிருந்து 6-க்கு இறங்குவதோ முழுக்க முழுக்க நம் கவனக்குறைவால் வருவது. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர் இந்த வண்டியை மனநிறைவோடு வைத்துக்கொள்ளலாம். பிரித்தறியத் தெரியாதவர்கள்தான் சில ஆண்டுகளில் அலுத்துப்போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். அப்படி அழிந்த நல்ல வண்டிகள் ஏராளம்.

பிறவித் தாகத்துக்குக் காரணங்கள் எளிமையானவை. ஆயிரம் கிலோவைத் தாண்டிய எஃகு உடலைச் சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின் இழுக்கிறது. கியர்கள் நான்கே, நெடுஞ்சாலையில் இன்ஜினின் சுழற்சியைக் குறைத்துக்கொள்ள ஐந்தாம் கியர் கிடையாது. உருண்ட பானெட்டும் நிமிர்ந்த முகப்பும் காற்றை நன்றாகவே எதிர்க்கின்றன. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர், தன் வழியே போகும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலை அளந்து விடுமே தவிர, எரிந்தது போதுமா, மிஞ்சியதா என்று திரும்பிப் பார்க்கும் உணரி எதுவும் அதற்கு இல்லை. செலவையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். லிட்டர் சுமார் 100 ரூபாய் என்று வைத்து, 9 கிலோமீட்டர் கிடைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 11 ரூபாய் ஆகிறது. மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 3,300 ரூபாய் பெட்ரோலுக்குப் போகும். தினமும் அலுவலகம் போய்வர இந்த வண்டி ஏற்றதல்ல. ஆனால் வாரக் கடைசியில் குடும்பத்தோடு கோயிலுக்கோ சொந்த ஊருக்கோ போய்வருபவரால் இந்தச் செலவைத் தாங்க முடியும்.

எந்த வண்டியைத் தேடுவது

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வண்டியின் வார்ப்பில், மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை அம்பாசிடரைத் தயாரித்தது. இடையில் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்களும் முகப்புக் கம்பி வலையும் மாறினவே தவிர, உடல் ஏறக்குறைய அதேதான். 1990-களில் வந்த 1800 ஐ.எஸ்.இசட். வண்டியில் இசுஸு இன்ஜினும், தரையிலிருந்து எழும் 5 கியர் தண்டும் இருந்தன. ஓட்டுவதற்கு அது சுகமானது, வேகமானது. எனக்கு விருப்பமானது ஸ்டியரிங் பக்கத்தில் கைக்கியர் கொண்ட 1489 சி.சி. மார்க் 3-தான். முன் இருக்கை ஒரே நீளமான இருக்கையாக இருப்பதும், அதில் அப்பா, அம்மா, நடுவில் நான் என்று மூவர் உட்கார முடிந்ததும், இன்றைய எந்த வண்டியிலும் கிடைக்காத ஒரு நெருக்கம். கைக்கியரை இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது அப்பாவின் முழங்கை என் தோளில் லேசாக உரசிச் செல்லும். அதனாலேயே, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வண்டி எந்தக் கியரில் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பெட்ரோல் குடிப்பதில் அம்பாசிடரை விஞ்சிய வண்டி ஒன்றும் நம் ஊரிலேயே தயாரானது. சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. ரோவர் எஸ்.டி.1 காரின் அழகிய உடலுக்குள் பழைய வான்கார்டு வழிவந்த 1991 சி.சி. இன்ஜினை வைத்திருந்தார்கள். உடலின் தோற்றத்துக்கு ஈடுகொடுக்கும் வலு இன்ஜினுக்கு இல்லை. பெட்ரோல் செலவும் வாங்கியவர்களை மலைக்க வைத்தது. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றுபோனது. இன்று அந்தக் காரை வாங்கிப் பேணுபவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் உதிரி பாகம் கிடைப்பது மிகக் கடினம் என்பதால், முதன்முதலாகப் பழைய கார் வாங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு காரான கான்டெஸாவுக்கும் ஓரளவு இதே சிக்கல்தான். அம்பாசிடரின் பாகங்களோ இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன.

வாங்கும்போது இன்ஜினைவிட உடலை முதலில் பாருங்கள். இன்ஜினைக் கழற்றிப் போரிங் செய்து, பிஸ்டன் மாற்றிப் புதிதாக்கிவிடலாம்; உள்ளுக்குள் துரு ஏறிய உடலை நேராக்குவதற்கு வண்டியின் விலையைப்போல் இரண்டு மடங்கு செலவாகும். அம்பாசிடருக்கு லாரியைப்போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடல் தகடுகளே சட்டமாகவும் இருந்து எடையைத் தாங்குகின்றன. எனவே கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, கால்மிதியை எடுத்துவிட்டுப் பார்த்தால் தெரியும் தரைத் தகடு, டிக்கியில் ஸ்டெப்னி படுத்திருக்கும் பள்ளம், முன் கண்ணாடி ரப்பருக்கு அடியில் உள்ள விளிம்பு ஆகிய நான்கு இடங்களிலும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துச் சென்று கதவின் கீழ் விளிம்பில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டிதான் இருக்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வாழ்ந்த வண்டியைக் காட்டிலும் கோவை, சேலம், மதுரைப் பக்கத்து வண்டி துருப்பிடிக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது, நான் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜின், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்ததும் எப்படிப் பிடிக்கிறது என்பதை வைத்தே பாதி நோயைக் கணித்துவிடலாம். பிடித்தவுடன் வரும் சிறிது வெண்புகை ஈரம், அது அடங்கிவிடும். சூடான பிறகும் ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். கறுப்புப் புகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது பெட்ரோல் மிகுதியாகப் போவதன் அடையாளம், ட்யூனிங்கில் சரியாகிவிடும். ஆயில் குச்சியில் காப்பி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டே விரிசல் கண்டிருக்கலாம். நின்ற இடத்தில் ஓரிரு சொட்டு ஆயில் விழுவது இந்த இன்ஜினின் இயல்பு. பி-சீரிஸ் என்ற வகையைச் சேர்ந்த இந்தப் பழைய இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் சுருள் வரி மட்டுமே அங்கே இருக்கும். அந்தச் சொட்டைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம், ஆனால் அதற்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம்.

ஆர்.சி. புத்தகம்

அம்பாசிடரைப் பொறுத்தவரை ஆர்.சி. புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது எரிபொருள் என்ற வரியை. பெட்ரோல் விலை ஏறிய காலங்களில் எண்ணற்ற அம்பாசிடர்கள் டீசல் இன்ஜினுக்கு மாற்றப்பட்டன. சிலவற்றுக்கு அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதியப்பட்டது, சிலவற்றுக்குப் பதியப்படவில்லை. பின்னர் யாரோ மீண்டும் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தி விற்பனைக்கு வைத்திருப்பார்கள். புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் இன்ஜினில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதை நீங்களே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கம்பெனி மூடப்பட்டிருந்தால் தடையின்மைச் சான்று வாங்குவது பெரும் அலைச்சல்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்த்தியது. அதற்குமேலும் மாறியிருக்கக்கூடும் என்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பசுமை வரியும் தனியாக உண்டு. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிந்துகொள்ளும் வழி 2021-இல் வந்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்; அன்றாடம் ஓட்டக் கூடாது. ஓட்டுவதற்காக வாங்குபவர்கள் சாதாரணப் பதிவையே தொடர்வது நல்லது.

வீண் தாகத்தைத் தணிக்கும் வரிசை

வண்டி வீட்டுக்கு வந்ததும் மைலேஜை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டாங்க்கை வாய்வரை நிரப்பி, இருநூறு கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில் மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். பெட்ரோல் முள்ளை நம்பாதீர்கள்; பழைய அம்பாசிடரில் அது திருப்பத்துக்குத் திருப்பம் ஆடும்.

அளந்த பிறகு கை வைக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. பெரும்பாலோர் நேராகக் கார்ப்பரேட்டருக்குப் போகிறார்கள்; அது கடைசியில் தொட வேண்டியது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மெக்கானிக், மைலேஜ் இல்லை என்று யார் வந்தாலும், "தம்பி, முதல்ல நாலு சக்கரத்தையும் தூக்குங்க" என்பார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டால் அது தடையின்றிச் சில சுற்றுகள் ஓட வேண்டும். பிரேக் ஷூ உரசிக்கொண்டிருந்தால் சர்ரென்று ஒலித்து உடனே நின்றுவிடும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் வீல் சிலிண்டர் இறுகிப்போய் ஷூ பின்வாங்காமல் இருப்பது அடிக்கடி நேர்வது; அந்த ஒரு சக்கரமே லிட்டருக்கு ஒரு கிலோமீட்டரைத் தின்றுவிடும். ஓட்டிவிட்டு வந்ததும் நான்கு டிரம்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுசென்று பார்த்தால், எது மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. அதோடு டயர்க் காற்றையும், முன் அலைன்மென்ட்டையும் முடித்துவிடுங்கள்.

அடுத்தது வால்வு இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே உள்ள இடம். இந்த இன்ஜினுக்கு 0.38 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு (ஒர்க்‌ஷாப் பேச்சில் 15 தௌ). இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வைத்து எட்டு வால்வுகளையும் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும். அதன்பின், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயின்ட்டின் முகங்கள் குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றிவிட்டு, இடைவெளியை 0.35-இலிருந்து 0.40 மி.மீ.க்குள் வையுங்கள், பிளக் இடைவெளி 0.6 மி.மீ. அளவில் இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் சிறிய தட்டுப் போல ஒரு வேக்குவம் பெட்டியும், அதிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயும் இருக்கும். குழாயைக் கார்ப்பரேட்டர் முனையில் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து வைத்திருந்தால், பாயின்ட் பூட்டிய தட்டு சற்றே திரும்பி, நாக்கால் குழாய் முனையை அடைத்தவுடன் அப்படியே நிற்பது தெரியும். தட்டு அசையவில்லை என்றால் உள்ளே உள்ள டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது அல்லது தட்டு இறுகியிருக்கிறது. சீரான வேகத்தில் போகும்போது தீப்பொறியை முன்கூட்டியே விழச்செய்து பெட்ரோலை மிச்சப்படுத்துவது அந்தப் பெட்டிதான். பல வண்டிகளில் அது பல்லாண்டுகளாகச் செத்துக் கிடக்கிறது, உரிமையாளருக்குத் தெரிவதில்லை.

இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெயில் நாட்டுக்கு இது எதற்கு என்று அந்நாளைய ஒர்க்‌ஷாப்புகளில் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வண்டி கொதிப்பது நிற்கும் என்று உண்மையாகவே நம்பினார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தன் சரியான சூட்டை எட்டவே நெடுநேரம் பிடிக்கிறது. அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரை நனைத்து, ஆயிலையும் நீர்க்கச் செய்து, புகையாக வெளியேறுகிறது. ஊருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இதுவே பெரிய இழப்பு. ரேடியேட்டரை உள்ளே சுத்தம் செய்து, ஃபேன் பெல்ட்டை முறையாக இறுக்கி, புதிய தெர்மோஸ்டாட்டைப் போட்டால் ஏப்ரல் வெயிலிலும் வண்டி கொதிக்காது.

இப்போது கார்ப்பரேட்டர். பழைய அம்பாசிடர்களில் இருப்பது எஸ்.யூ. வகை. நன்றாகப் புரிந்துகொண்டால் இதைவிட அழகான இயந்திரம் காரில் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். மேலே குடம் போலத் தெரியும் அறைக்குள் ஒரு பிஸ்டன் மிதக்கிறது. அதன் அடியில் கூர்மையாகச் சரிந்த ஊசி ஒன்று பெட்ரோல் வரும் ஜெட்டுக்குள் இறங்கி நிற்கிறது. இன்ஜின் காற்றை அதிகம் இழுத்தால் பிஸ்டன் உயர்கிறது. ஊசியும் உயர்ந்து, அதன் மெல்லிய பகுதி ஜெட்டுக்குள் வர, அதற்கேற்பப் பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது. மேலே உள்ள மூடியைத் திருகி எடுத்து உள்ளே மெல்லிய ஆயில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அது வற்றிப்போனால், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தடுமாறும்.

கலவையைச் சரிபார்க்க, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி ஐட்லிங்கில் விட்டு, அறையின் அடியில் உள்ள சிறு முளையை விரலால் மேலே தள்ளிப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவே உயர்த்த வேண்டும். இன்ஜின் வேகம் கூடி, கூடிய நிலையிலேயே நின்றால் பெட்ரோல் மிகுதி. உடனே இருமி அணைந்துபோனால் பெட்ரோல் குறைவு. நொடி நேரம் லேசாகக் கூடி மீண்டும் பழைய வேகத்துக்கு வந்தால் கலவை சரியாக இருக்கிறது. திருத்துவதற்கு, அடியில் உள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு முகமாக மட்டும் திருப்புங்கள். நட்டு மேலேறினால் பெட்ரோல் குறையும், கீழிறங்கினால் கூடும். ஒவ்வொரு முகத்துக்கும் பிறகு மீண்டும் முளையைத் தள்ளிப் பார்க்க வேண்டும். எத்தனை திருகினாலும் கறுப்புப் புகை நிற்கவில்லையென்றால் ஊசி உரசி உரசி ஜெட்டின் துளை நீள்வட்டமாகியிருக்கும். ஊசி, ஜெட் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. சரிசெய்த பின் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் அதன் முனை இளம் பழுப்பில் இருக்க வேண்டும். கரி படிந்திருந்தால் மிகுதி, வெண்மையாக வெளுத்திருந்தால் குறைவு. புகைப் பரிசோதனை மையத்தில் கொடுக்கும் தாளையும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு சதவீதம், கலவை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லும்.

ஈயம் போனதும் எத்தனால் வந்ததும்

2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்துவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்த ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் மெல்லத் தேய்ந்து உள்வாங்கும். வால்வு இடைவெளி மீண்டும் மீண்டும் குறைந்துகொண்டே வருவது அதற்கு அறிகுறி. பதற வேண்டியதில்லை, அடுத்தமுறை ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய சீட் வளையங்களைப் பொருத்திவிட்டால் போதும்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் கவனம் கேட்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றலே உண்டு. எனவே கலவையில் ஏழு சதவீதம் வரை ஆற்றல் குறைகிறது, மைலேஜும் அதற்கேற்பக் குறையும். அதைவிட முக்கியமானது, எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதும் பழைய ரப்பரை ஊதவைத்து இளகச்செய்வதும். டாங்க்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை உள்ள ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் அப்படியே மாற்றிவிடுங்கள். பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரியும் வகையில் ஒரு ஃபில்டரைப் பொருத்துங்கள். டாங்க்கில் பல ஆண்டுகளாகப் படிந்த துருவும் பிசினும் முதல் சில மாதங்களில் கழன்று வரும். வண்டியை நெடுநாள் நிறுத்தப்போவதாக இருந்தால் பாதி டாங்க்கோடு விடாதீர்கள்; காலி இடத்தில் உள்ள காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கித் துருப்பிடிக்கச் செய்யும். புதிய பெட்ரோலில் இன்ஜின் சற்றே தட்டுத்தடுமாறினால், மேலே சொன்ன அறுகோண நட்டை ஒரு முகம் கீழே இறக்கிப் பாருங்கள். விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோலால் இந்தக் குறைந்த அழுத்த இன்ஜினுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஓட்டும் முறை

காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ததும், இன்ஜின் நிற்காமல் ஓடும் அளவுக்கு அதைப் பாதி உள்ளே தள்ளிவிட வேண்டும்; தெருமுனையைத் தாண்டுவதற்குள் முழுக்கத் தள்ளிவிடலாம். இன்ஜின் சூடாகட்டும் என்று வாசலிலேயே பத்து நிமிடம் ஓடவிடுவது பெட்ரோலுக்கும் இன்ஜினுக்கும் கேடு. இந்த இன்ஜினுக்குக் குறைந்த சுழற்சியிலேயே இழுவை நன்றாக உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டரில் டாப் கியருக்குப் போய்விட்டால் அது முனகாமல் இழுக்கும்; 55-க்கும் 60-க்கும் இடையே ஓட்டும்போதுதான் அதிக மைலேஜ் தரும். 80-ஐத் தாண்டினால் பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பின்னால் வருபவர் ஹார்ன் அடித்தால் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். டிரம் பிரேக் வண்டிக்கு முன்னால் எப்போதும் கூடுதல் இடைவெளி வேண்டும்.

மலையேறும்போது பொறுமை வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் எங்கள் மார்க் 3 இரண்டாம் கியரிலும் முதல் கியரிலுமாகவே ஏறும். பர்லியாறில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஆறும் வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் அம்மா தூக்குப் போசியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் புளிசாதத்தின் மணமும், சூடான இன்ஜினிலிருந்து வரும் பெட்ரோல், ஆயில், ரப்பர் கலந்த மணமும் எனக்கு இன்றும் பிரிக்க முடியாதவை. அப்பா ஒருபோதும் அவசரப்பட்டதில்லை. எந்த வேகத்தில் ஏறினால் வண்டி வருந்தாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கற்றுக்கொடுத்ததையே உங்களுக்கும் சொல்கிறேன்: மூன்றாம் கியரில் இன்ஜின் திணறும் வரை காத்திருக்காமல், ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவதுக்கு மாற்றிவிடுங்கள், ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்குமேல் மிதிக்காதீர்கள். ஏசி வண்டிகள் தாண்டிப் போகட்டும். நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வெயிலில் நெரிசலில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், ஈரத்துணியைப் பம்ப்பின் மீதும் குழாயின் மீதும் கால் மணி நேரம் போட்டு வைத்தால் மீண்டும் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குவது டிரம் பிரேக் வண்டியில் உயிரோடு விளையாடுவதற்குச் சமம்.

ஓட்டாமல் வைத்திருப்பதே இந்த வண்டிக்கு மிகப் பெரிய தீங்கு. வாரம் ஒருமுறையாவது இன்ஜின் முழுச் சூடாகும்படி அரை மணி நேரம் ஓட்டுங்கள். முன் சஸ்பென்ஷனில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும் இடங்களுக்கெல்லாம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். ஸ்டியரிங் லேசாவதைக் கையிலேயே உணரலாம்.

பாகங்களும் கைகளும்

சென்னையில் புதுப்பேட்டையும், கோவையில் உக்கடமும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும் அம்பாசிடர்ப் பாகங்களைத் தேடுவதற்கான இடங்கள். பழைய பாகத்தைக் கையில் எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மாடலின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பாதி பொருந்தாது. 1489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின் இங்கிலாந்தின் எம்.ஜி.ஏ. 1500 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்ததால், கேஸ்கட், பேரிங் போன்ற சில பாகங்களை அந்நாட்டுப் பழைய கார்க் கடைகள் இன்றும் விற்கின்றன. அளவைச் சரிபார்த்த பிறகு வரவழைக்கலாம்.

பாகங்களைவிட அரிதாகி வருவது இந்த வேலை தெரிந்தவர்கள். எஸ்.யூ. கார்ப்பரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யும் பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஓரிருவர் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய், வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அவர்களிடம் வேலை பழகும் இளைஞர் யாராவது இருந்தால் அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்கான கூலியையும் தனியே கொடுங்கள். பேரம் பேசும் இடம் இதுவல்ல. எந்த இடைவெளி எவ்வளவு வைக்கப்பட்டது, எந்தப் பாகம் எங்கே வாங்கியது, எத்தனை லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, டேஷ்போர்டு பெட்டியிலேயே வையுங்கள். அப்பாவின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 1980-களில் ஒவ்வொருமுறையும் பெட்ரோல் போட்ட இடம், லிட்டர், மீட்டர் எண் எல்லாம் அதில் உண்டு. வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும்போதெல்லாம் அவர் எதை மாற்றினார் என்று பார்த்துத்தான் இன்றும் நான் வேலையைத் தொடங்குகிறேன்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு செட் பாயின்ட், கண்டன்சர், ரோட்டர், நான்கு பிளக், ஃபேன் பெல்ட், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், இரண்டு ரேடியேட்டர்க் குழாய்கள், ஐந்து லிட்டர் தண்ணீர், ஃபீலர் கேஜ், கையால் சுற்றி ஸ்டார்ட் செய்ய ஹேண்டில் போடும் மாடலாக இருந்தால் அந்த ஹேண்டில். என்றாவது வண்டியை விற்க வேண்டிய நிலை வந்தால், இந்தப் பெட்டியையும் அந்த நோட்டையும் சேர்த்தே கொடுங்கள். வாங்குபவரை ஒருநாள் வரவழைத்து, கார்ப்பரேட்டர் முளையைத் தள்ளிப் பார்ப்பது எப்படி என்று அவர் கையாலேயே செய்யவைத்து, அவருக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.